இரண்டு இஞ்ச் போதும் என்றவன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ராமநாதபுரத்தில் என் வீட்டு வாசலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் ஒரு சத்தம் கிளம்பியது. எதிர்வீட்டு அம்மா கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். சத்தம் நேராக வந்து என் வாசலில் நின்றது. சிவப்புக் கார். உள்ளேயிருந்து கறுப்புக் கண்ணாடியோடு இறங்கியவன் கவின். என் மனைவியின் அண்ணன் துரைப்பாண்டியின் மகன், எனக்கு மருமகன் முறை. இருபத்திரண்டு வயது. என்ஜினியரிங் படித்து முடித்திருக்கிறான், அதை அவனே சொன்னால்தான் உண்டு, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"மாமா, சவுண்டு எப்பிடி இருக்கு?"

"எதுத்த வீட்டு அம்மாவக் கேளு, சொல்லுவாக."

சிரித்தான். திட்டினால் சிரிக்கிற தலைமுறை, என்ன செய்ய? சைலன்சரை அறுத்துப் போட்டுவிட்டு அங்கே ஒரு வெற்றுக் குழாயை மாட்டியிருந்தான். என்ஜின் அதே பழைய என்ஜின். அதற்கு ஒரு குதிரைச் சக்திகூடக் கூடவில்லை, சத்தம் மட்டும்தான் கூடியிருந்தது. இதற்கு ஒரு மாதம் லீவு எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் வரை போய்வந்திருக்கிறான்.

"அடுத்து சூப்பர்சார்ஜர் போடப் போறேன் மாமா. சைலன்சர் பைப் ரெண்டரை இஞ்சா, மூணு இஞ்சான்னு எங்க குரூப்புல பெரிய சண்டை. நீங்களும் அப்பாவும் சேந்து அந்தக் காலத்துலயே ஒண்ணு கட்டுனீகளாமே, அப்பா சொன்னாரு. நீங்க என்ன சைஸ் போட்டீக?"

காரிலிருந்து சூடான புதுக்குழாயின் வாடை வந்துகொண்டிருந்தது. பூச்சு கருகுகிற வாடை, நாக்கின் அடியில் காசு வைத்தது மாதிரி ஒரு துவர்ப்பு. அந்த வாடை மூக்கில் ஏறியதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். "உள்ள போயி அத்தைகிட்ட காபி வாங்கிக் குடி, வாரேன்" என்று அவனை அனுப்பிவிட்டு அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்களுக்கு இந்தக் கார் சங்கதியில் ஆர்வம் இருக்காது என்று தெரியும். எனக்கும் இப்போது இல்லை. ஆனாலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள், அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. சூப்பர்சார்ஜர் என்பது என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற ஒரு புளோயர். என்ஜின் சுற்றுகிற சுற்றிலேயே பெல்ட் போட்டு அதையும் சுற்ற வைப்பார்கள். காற்று கூடுதலாகப் போனால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், புகையும் கூடுதலாக வரும். அந்தப் புகை வெளியே போகிற குழாய் சின்னதாக இருந்தால் என்ஜினுக்கு மூச்சு முட்டும். சரி, அப்படியானால் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் உலகத்தில் உள்ள முட்டாள்கள் எல்லாரும் வரிசையாக வந்து விழுகிறார்கள். தேவைக்கு மேல் பெரிதானால் புகைக்கு ஓட்டம் போய்விடும், கார் மந்தமாகும். கனம் வேறு. தரையில் வேறு இடிக்கும். ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு அளவு உண்டு, அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் அப்போது டிப்ளமோ முடித்துவிட்டுப் பரமக்குடியில் ஒரு பம்புசெட் கடையில் வேலை பார்த்தேன். இருபத்தைந்து வருடம் ஆகப் போகிறது. மோட்டாரின் பெயர்த் தகட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ரெண்டு இஞ்ச் டெலிவரி பைப்பு போதும்ங்கய்யா" என்று விவசாயம் பார்க்கிற சம்சாரிகளிடம் சொல்வதுதான் வேலை. ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். பக்கத்துக் கொல்லைக்காரன் என்ன போட்டிருக்கிறான் என்று விசாரித்துவிட்டு அதற்கு அரை இஞ்ச் கூட்டி வாங்கிப் போவார்கள். தண்ணீர் வராது. மறுபடி வந்து என்னைத் திட்டுவார்கள். திட்டு வாங்குவதற்குத் தனியாகச் சம்பளம் இல்லை.

இந்த அரை இஞ்ச் கூட்டுகிற புத்தி எங்கள் ஆட்களின் ரத்தத்தில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் என்றால் அபிராமம் பக்கத்தில் நாலு ஏக்கரும் பத்து ஏக்கரும் வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு, அதிலும் மீசையை முறுக்கிக்கொண்டிருக்கும் நிலக்காரக் குடும்பங்கள். முளைப்பாரித் திருவிழாவுக்கு மேலத்தெருவில் எட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் கீழத்தெருவில் பன்னிரண்டு கட்டுவோம். பாட்டு என்னவென்று இரண்டு தெருவுக்கும் கேட்காது. சாமிக்கும் கேட்டிருக்காது. யார் குழாய் அதிகம் என்று மட்டும் மறுநாள் டீக்கடையில் தீர்ப்புச் சொல்வார்கள்.

துரைப்பாண்டி என் தாய்மாமன் மகன். எனக்கு மச்சான், என்னைவிட மூன்று வயது மூத்தவன். மாமாவுக்கு அந்த வட்டாரத்திலேயே அதிக நிலம். அதனால் துரைக்கு வேலை எதுவும் தேவைப்படவில்லை. அவனிடம் ஒரு பழைய கார் இருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரின் மகன் தன் காரில் இரண்டரை இஞ்ச் சைலன்சர் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைச் சுற்றுகிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து துரைக்குச் சோறு இறங்கவில்லை. சென்னையில் பழைய இறக்குமதிச் சாமான் விற்கிற தெருவிலிருந்து ஜப்பான் என்ஜின் ஒன்றில் கழற்றிய புளோயரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அதை எந்தப் பக்கம் வைத்து மாட்டுவது என்று அவனுக்கும் தெரியாது, டிப்ளமோ படித்த எனக்கும் தெரியாது.

தெரிந்தவன் மலைராசு. அவனுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் மாமா வயலில் கூலிவேலை பார்த்தவர்கள். அண்ணன் கொத்தனார். மலைராசு மட்டும் எப்படியோ வெல்டிங் கற்றுக்கொண்டு ஊர்க் கடைசியில் ஒரு கொட்டகை போட்டிருந்தான். கலப்பை, டிராக்டர் டிரெய்லர், கேட்டு எல்லாம் அவன் கைதான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனால் நான் அவனை 'ஏலே மலைராசு' என்பேன், அவன் என்னை 'அண்ணே' என்பான். துரையைச் 'சின்னய்யா' என்பான். அன்றைக்கு அது எனக்கு உறுத்தவே இல்லை, காற்று வருகிற மாதிரி சாதாரணமாக இருந்தது.

புளோயரை ஒரு நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுநாள் காலையில் வந்து, "சின்னய்யா, நான் மாட்டித் தாரேன். ஆனா ஒண்ணு" என்றான்.

"என்னலே?"

"மதுரைல ஒருத்தரு இந்த மாதிரி காருக கட்டுறாரு. பெரிய பட்டறை. முடிச்சதும் அவருகிட்ட ஒருவாட்டி காட்டணும்."

துரை சரி என்றான். தனியாக இருக்கும்போது மலைராசு என்னிடம் விளக்கமாகச் சொன்னான். "அண்ணே, எனக்கு காரும் வேணாம், பேரும் வேணாம். அந்த ஆளு கண்ணுல என் வேல பட்டாப் போதும். அவரு பட்டறையில ஒரு எடம் கெடச்சா, இந்த ஊருக்குள்ள கும்புடு போட்டே நான் திரிய வேண்டியதில்ல பாருங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கும்பிடு வாங்குகிற ஆட்களில் நானும் ஒருத்தன் என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

மாமா தோட்டத்து மோட்டார் ரூமில்தான் வேலை நடந்தது. இரண்டு மாதம். அந்தத் தோட்டத்து போர்வெல் ஒரு தனிக் கேவலம். ஊரிலேயே ஆழமாகப் போடவேண்டும் என்று மாமா போட்டார். ஆழத்தில் உப்புத் தண்ணீர் வந்தது. மிளகாய்ச் செடி எல்லாம் கருகிய பிறகு உள்ளே இறக்கியிருந்த மூன்று இஞ்ச் இரும்புக் குழாய்களை உருவி எடுத்து மாட்டுக் கொட்டத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். வெளியே துத்தநாகப் பூச்சு மினுங்கும். உள்ளே விரல் விட்டால் உப்பும் துருவும் பொருக்குப் பொருக்காக வரும். அந்த அடுக்கின் மேல் உட்கார்ந்துதான் நாங்கள் டீ குடிப்போம். மலைராசுவுக்கு டம்ளர் தனி. மோட்டார் ரூம் மாடத்தில் இருக்கும், அவனே எடுத்துக் குடித்துவிட்டு அவனே கழுவி வைத்துவிடுவான்.

புளோயரை மாட்ட அவன் செய்த பிராக்கெட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லேத் பட்டறைக்குப் போக வசதியில்லை. அரத்தை வைத்து ராவியே கொண்டுவந்தான். பெல்ட் ஒரு நூல்கூட விலகாமல் ஓடியது. நான் கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன், என் பங்கு அதுதான்.

பிறகு குழாய் அளவு. அதற்கு அவன் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வரும், பொறாமையும் வரும். அண்ணனிடமிருந்து மட்டம் பார்க்கிற டியூபை வாங்கிவந்தான். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி இரண்டு சுவருக்கும் மட்டம் பிடிப்பார்களே, அந்தக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூப். சைலன்சருக்கு முன்னால் குழாயில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, சூடு தாங்குவதற்கு ஒரு முழச் செம்புக் குழாய் வைத்து, அதன் நுனியில் டியூபைச் சொருகினான். டியூபை நடுவில் வளைத்துத் தொங்கவிட்டு, கார் ஜன்னலில் ஒரு சவுக்குக் கழியை நட்டு அதில் மறுநுனியைக் கட்டினான். தண்ணீரில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றினான், நிறம் தெரிய வேண்டுமே.

"அண்ணே, பொகைக்கு வழி பத்தலைன்னா அது இந்தத் தண்ணியத் தள்ளும். எம்புட்டு ஒசரம் தள்ளுதோ அம்புட்டு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். நீங்க பின்னாடி உக்காந்து பாத்து எழுதுங்க."

கார் கிளம்பியது. முதலில் கம்பெனி போட்டுத் தந்த ஒன்றரை இஞ்ச் குழாய். துரை ஆக்சிலேட்டரை மிதித்ததும் குங்குமத் தண்ணீர் கழியின் உச்சியைத் தாண்டிப் பீய்ச்சி அடித்து என் சட்டை, துரையின் கழுத்து, கார்க் கூரை எல்லாம் சிவப்பாகிவிட்டது. வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வெட்டுக்குத்து என்று நினைத்து ஊருக்குள் ஓடினார். அடுத்து இரண்டு இஞ்ச் துண்டுக் குழாயை மாட்டிக்கொண்டு ஓட்டினோம். தண்ணீர் என் முழங்கால் உயரத்துக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. ஐந்து தடவை ஓட்டினோம், ஐந்து தடவையும் முழங்கால்தான்.

பம்புசெட் கடையில் கொடுத்த பாக்கெட் நோட்டில் எல்லாவற்றையும் நான் எழுதினேன். அவன் எட்டிப் பார்த்து, எழுதியது சரியா என்று வரிவரியாகக் கட்டைவிரலை வைத்து நகர்த்தினான். பக்கத்தின் ஓரத்தில் அந்த எண்ணெய் விரல் அப்படியே பதிந்துவிட்டது. "ஏலே, நோட்டை அசிங்கமாக்கிட்டியே" என்று கத்தினேன். பதறிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "ரெண்டு இஞ்ச் போதும்ணே. இதுக்கு மேல பெருசாக்கி ஒரு புண்ணியமும் இல்ல" என்றான்.

எனக்கும் தெரியும், போதும். தினமும் கடையில் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

துரை ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த டாக்டர் மவன் ரெண்டரை போட்டிருக்கான். நான் ரெண்டு போட்டுட்டுப் போயி அவன் முன்னாடி நிக்கவா? ஏலே மாப்ள, நீயே சொல்லு, நல்லாவா இருக்கும்?" மாமாவும் அப்போது தோட்டத்துக்கு வந்திருந்தார். அவர் வாழ்க்கையில் ஒரு காரின் அடியில் குனிந்து பார்த்ததில்லை. ஆனாலும் தீர்ப்பைச் சொன்னார். "போருக்கே மூணு இஞ்ச் எறக்குன வீடு இது. காருக்கு ரெண்டு இஞ்சா? கொட்டத்துகிட்ட அம்புட்டுப் பைப்பு சும்மா கெடக்கு, எடுத்து மாட்டுங்கடா."

மலைராசு கையைக் கட்டிக்கொண்டு, "பெரியய்யா, அது உப்புத் தின்ன பைப்பு. உள்ள பொருக்கு உதுரும். வெல்டிங் வச்சா அந்தப் பூச்சுப் பொகையும் ஒடம்புக்கு ஆகாது" என்றான்.

"நீ படிச்சவனா, எம் மருமவன் படிச்சவனா? ஏப்பா, நீ என்ன சொல்ற?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மலைராசுவும் பார்த்தான். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துரையின் தங்கச்சியை எனக்குப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அதுவரை பேர் சொல்லியே கூப்பிட்ட மாமா, என்னை முதல்முறையாக மருமகன் என்று வாயால் சொன்னது அன்றைக்குத்தான். "மூணு போட்டாலும் தப்பில்ல மாமா" என்றேன். மானங்கெட்ட வாய். சொல்லும்போது என்ஜினியர் மாதிரி கண்ணை வேறு சுருக்கிக்கொண்டேன்.

மலைராசு கொட்டத்துக்குப் போய்க் குழாயைத் தூக்கிவந்தான். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வெல்டிங் வைத்தான். வெள்ளை வெளேரென்று புகை எழும்பி மோட்டார் ரூமை மூடியது. காசை நாக்கின் அடியில் வைத்த அந்தத் துவர்ப்பை அன்றைக்குத்தான் முதலில் தெரிந்துகொண்டேன். நாங்கள் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டோம், அவன் போக முடியுமா? சாயங்காலமே அவனுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. இரண்டு நாள் கோணியைப் போர்த்திக்கொண்டு கிடந்ததாக அவன் அண்ணன் வந்து சொன்னார். மூன்றாம் நாள் எழுந்துவந்து மிச்ச வேலையை முடித்தான். "என்னலே, புள்ளத்தாச்சி மாதிரி படுத்துட்ட?" என்று துரை கேட்டான். நான் சிரித்தேன்.

மதுரைப் பட்டறைக்காரர் ஊருக்கெல்லாம் வர முடியாது என்றும், ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் வருவதாகவும், அங்கே கொண்டுவந்தால் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார். அன்றைக்குக் காலையில் கிளம்பினோம். துரை ஓட்ட, நான் முன்னால், மலைராசு பின்னால் ஸ்பேனர் சாவிகள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவனிடம் அப்படி ஒரு சட்டை இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கார் போட்ட சத்தத்தில் வழியெல்லாம் சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். மரியாதையில் பார்க்கிறார்கள் என்று துரை நினைத்துக்கொண்டான். பரமக்குடி தாண்டி முதல் வேகத்தடையிலேயே குழாய் தட்டியது. சத்திரக்குடியில் இரண்டாவது. மண்டபம் போவதற்குள் அடியில் ஏதோ தொங்கிக்கொண்டு தார் ரோட்டைச் சுரண்டிக்கொண்டே வந்தது. பாம்பன் ரோட்டுப் பாலத்தின் ஏற்றத்தில் கார் திணற ஆரம்பித்தது. ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுக ஒரு மீன் லாரி எங்களைத் தாண்டிப் போனது. லாரிக்காரர் கையை ஆட்டிவிட்டு வேறு போனார். துரை ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துப் பார்த்தான், சத்தம்தான் வந்தது. "உள்ள பொருக்கு உதுந்து சைலன்சர் வாய அடைச்சிருக்கும் சின்னய்யா" என்றான் மலைராசு மெதுவாக. "வாய மூடிட்டு வாலே" என்றான் துரை.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்துக்குப் பக்கத்து லாட்ஜ் வாசலில் காரை நிறுத்தினோம். அமாவாசைக் கூட்டம் கடலுக்கும் கோயிலுக்குமாக நெரிந்துகொண்டிருந்தது. பட்டறைக்காரர் தீர்த்தம் ஆடிவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். அதிகம் பேசாத மனிதர். பானட்டைத் திறக்கச் சொன்னார். பிராக்கெட்டைப் பார்த்தார். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"கை சுத்தமா இருக்கே. யாரு செஞ்சது?"

மலைராசு ஒரு அடி முன்னால் வந்தான். அதற்குள் துரை, "நம்ம செட்டுதாண்ணே, எல்லாருமாச் சேந்து செஞ்சோம்" என்றான்.

அவர் பின்பக்கம் வந்து குந்தினார். அடியில் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்துக் குழாயை ஒரு தட்டு தட்டினார். உள்ளேயிருந்து துருவும் உப்புப் பொருக்கும் பொலபொலவென்று உதிர்ந்து அவருடைய ஈரக் காலில் அப்பிக்கொண்டது. மாமாவின் போர்வெல் ராமேஸ்வரம் வரை வந்து கொட்டியது.

"இது என்னய்யா, காருக்குப் போட்ட பைப்பா, கெணத்துக்குப் போட்ட பைப்பா? எந்த மடையன் பாத்த வேல?"

"இந்தா, இவன்தான்" என்றான் துரை. ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. விரல் மலைராசுவின் வெள்ளைச் சட்டையைக் காட்டியது.

அவர் மலைராசுவைப் பார்த்தார். "ஏம்ப்பா, அளவுன்னு ஒண்ணு இருக்குறது உனக்குத் தெரியாதா?"

மலைராசு துரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். என் சட்டைப் பையில் அந்த பாக்கெட் நோட்டு இருந்தது. ஒன்றரை இஞ்ச், இரண்டு இஞ்ச், தண்ணீர் ஏறிய உயரம், ஐந்து தடவை ஓட்டியது, எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடலைப் பார்த்தேன். ஏதோ அன்றைக்குத்தான் கடலை முதன்முதலாகப் பார்ப்பவன் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேல வேல பாத்தது யாருன்னு எனக்குத் தெரியல. கீழ வேல பாத்தவன் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு, காலைக் கழுவுவதற்கு அவர் திரும்பக் கடலுக்கே போனார்.

மலைராசு அங்கேயே வெள்ளைச் சட்டையோடு மண்ணில் மல்லாக்கப் படுத்து காருக்கு அடியில் நுழைந்தான். சைலன்சரைக் கழற்றிப் பொருக்கைத் தட்டிக் கொட்டினான். தொங்கிக்கொண்டிருந்த குழாயைக் கம்பி வைத்து இழுத்துக் கட்டினான். எழுந்து வந்தபோது முதுகெல்லாம் மண், தோளில் துரு. "ஊரு போயிச் சேந்துரும்ணே. மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றான் என்னிடம்.

"நீ?"

"நான் ரயில்ல வாரேன்."

ஸ்டேஷன் பக்கம் நடந்து போனான். கூட்டத்தில் கொஞ்ச நேரம் அந்தச் சட்டை தெரிந்தது.

பிறகு எட்டொன்பது மாதம் ஊரில் இருந்தான். எதிரே வந்தால் 'அண்ணே' என்பான், முன்பு போலவேதான், ஆனால் நின்று பேசமாட்டான். தை மாதம் எனக்குக் கல்யாணம். பந்தலுக்கு இரும்புக் கால் நட்டது அவன்தான். சித்திரையில் கொட்டகையைப் பிரித்துவிட்டுக் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டான். திருப்பூர் என்றார்கள் சிலர். கப்பல் பட்டறை என்றார்கள் சிலர். நான் தேடவில்லை. தேடிக் கண்டுபிடித்தால் என்ன பேசுவது என்று பயம், அதுதான் நிஜம். என் மனைவிக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். எங்களுக்குள் சண்டை வந்து, நான் குரலை உயர்த்துகிற போதெல்லாம், "இந்த வாயி அன்னைக்கு ராமேஸ்வரத்துல எங்க போச்சாம்?" என்பாள்.

அந்தக் காரை இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்டார்கள். மாமா போய்விட்டார். மோட்டார் ரூம் இருந்த இடத்தில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மலைராசுவின் கொட்டகை இருந்த இடம் ரோட்டை அகலப்படுத்தியதில் போய்விட்டது. அவன் ரயிலில் ஏறிக் கடந்துபோன அந்தப் பழைய பாம்பன் பாலத்தில் இப்போது ரயில் ஓடுவதில்லை. பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டிவிட்டார்கள், எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றவனைக் கவின் வந்து உலுக்கினான். காபி குடித்து முடித்திருந்தான். "என்ன மாமா, சைஸ் சொல்லாமலே நிக்கிறீக? எங்க குரூப்புல எல்லாரும் மூணுதான்ங்கிறாங்க."

"மூணும் வேணாம், முப்பதும் வேணாம். உன் என்ஜினும் உங்கப்பன் காரு அளவுதான், ரெண்டு இஞ்ச் போதும்."

"ரெண்டா? காமெடி பண்ணாதீங்க மாமா. யாரு சொன்னா?"

யார் சொன்னா என்று நேராகவே கேட்டுவிட்டான் பாருங்கள். பெயரைச் சொல்ல வேண்டிய இடம். வாய் திறந்தும்விட்டேன். அவன் கண்ணில் தெரிந்த அந்த இளக்காரம் என்னைச் சுட்டது. இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும் என்கிற பார்வை. "இரு" என்று உள்ளே போய், பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்த பாக்கெட் நோட்டை எடுத்துவந்து அவன் முன்னால் விரித்தேன். ராமேஸ்வரத்தில் சட்டைப் பையை விட்டு வெளியே வராத நோட்டு.

மேலிருந்து கீழே படித்தான். முகம் மாறியது. "தண்ணி டியூப் வச்சு அளந்திருக்கீங்களா? அந்தக் காலத்துலயேவா? மாமா, நீங்க வேற லெவல் மாமா!"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றேன். இல்லை, நான் அளக்கவில்லை என்று சொல்லவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்ற என் மனைவி உள்ளே போனாள்.

கவின் போனை எடுத்துப் பக்கத்தைப் படம் பிடித்தான். திரையில் விரலை வைத்து ஓரத்தை நகர்த்திச் சரிசெய்தான். பிறகு எனக்குக் காட்டினான். எண்கள் எல்லாம் தெளிவாக இருந்தன. 'எங்க மாமா டெஸ்ட் பண்ணது' என்று மேலே எழுதியிருந்தான்.

"ஓரத்துல ஏதோ எண்ணெய்க் கறை, கட்டைவிரல் மாதிரி அசிங்கமா இருந்துச்சு மாமா. அத மட்டும் வெட்டிட்டேன். சரிதான?"

"சரிதான்" என்றேன்.